வெளியிடாத தட்டைப் போட ஏலாது

குடாநாட்டுக் கலை வெளியீட்டுப் பேரவையிடம் ஓர் இசைத்தட்டுச் சுழலி இருந்தது. ரொறொன்ரோவில் வசிக்கும் அங்கத்தவர் ஒருவர் அன்பளிப்பாக அனுப்பியது. கொக்குவிலில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பேரவை மண்டபத்தின் பின்னறையில், ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் அது பூட்டி வைக்கப்பட்டிருந்தது. வாணி விழாவன்று மட்டும் வெளியே எடுப்பார்கள். தூசி தட்டி, பூ வைத்து, தீபம் காட்டி, திரும்பவும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். வந்த நாளிலிருந்து அதில் ஒரு தட்டும் ஓடியதில்லை. ஓடாதபடியால் பழுதாகவும் இல்லை. பேரவையின் ஆண்டறிக்கை இதைச் சாதனைகளின் கீழ் குறிப்பிட்டிருந்தது.

றொசாந்திக்கு இந்தச் சுழலி அவசரமாகத் தேவைப்பட்டது.

அவள் குருநகர்க்காரி. பகலில் தொலைபேசி நிறுவனமொன்றின் வாடிக்கையாளர் பிரிவில் இருந்து, இணைப்பு இல்லாதவர்களுக்கு இணைப்பு இருப்பதாகச் சொல்லும் வேலை. வேலை முடிந்து வந்தால் மடிக்கணினியும் ஹெட்போனும்தான். மீன் சந்தையில் ஐஸ் உடைக்கும் மெஷினின் சத்தம், கொக்குவில் ரயில் கடவையின் மணி, தகப்பன் செபநாயகத்தின் படகு எஞ்சின், இப்படி அகப்பட்டதையெல்லாம் போனில் பதிந்து வந்து, வெட்டி, ஒட்டி, அடுக்கி இசையாக்குவாள். வீட்டில் அவள் கந்தோர் வேலையைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்து செய்கிறாள் என்று நினைத்து இரக்கப்பட்டார்கள்.

இந்த இசையை இணையத்தில் கேட்டுப் பிடித்துப்போய், தட்டாக வெளியிட முன்வந்தவள் சாருஜா. ஜெர்மனியில் டோர்ட்முண்டில் பிறந்து வளர்ந்தவள், பண்டத்தரிப்புப் பெற்றோரின் பிள்ளை. மின்னிசைக்காரருக்கும் பெரிய கொம்பனிகள் சீண்டாத தனிக் கலைஞருக்கும் தட்டுப் போடும் சின்ன நிறுவனம் ஒன்றை நடத்தினாள். தட்டு அச்சடிக்கிற ஆலையில், எல்லாப் பிரதிகளையும் அடிக்க முன்னர் சில பரிசோதனைத் தட்டுகளை அடித்துக் கொடுப்பார்கள். கேட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மிச்சம். சாருஜா இரண்டு தட்டுகளை றொசாந்திக்கு அனுப்பியிருந்தாள். நடுவில் வெறும் வெள்ளை வட்டம், வெறும் வெள்ளை உறை.

"அக்கா, ரெண்டாவது பாட்டிலை உங்கடை அப்பா கத்தின பிறகு, அடியிலை ஒரு உறுமல் கேக்குது," என்று சாருஜா போனில் சொன்னாள். "அது நீங்கள் போட்டதோ, இல்லாட்டி ஆலையிலை வந்த பிழையோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

"என்ன மாதிரி உறுமல்?"

"மாடு நித்திரையிலை முனகிற மாதிரி."

சாருஜா அந்த இடத்தைப் பதிந்து அனுப்பியும் பார்த்தாள். போன் அந்தக் கீழ்ச் சத்தத்தை முழுதாகத் தின்றுவிட்டது. றொசாந்தியின் மடிக்கணினியிலும் அது தெளிவாகப் பிடிபடவில்லை. தட்டில் ஊசியை வைத்துக் கேட்டால்தான் தெரியும். திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்லாவிட்டால் ஆலை அவர்களுடைய முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பிறகு அடுத்த வருடம் பார்க்க வேண்டியதுதான்.

றொசாந்தி ஊசி தேடிப் புறப்பட்டாள். பண்ணைக் கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றில் பெரிய பித்தளைக் குழலோடு ஒரு கிராமபோன் இருந்தது. குழலுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே நீலமாய் ஒளிரும் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று குந்தியிருந்தது.

"அது வெளிநாட்டுக்காரர் பக்கத்திலை நிண்டு படம் எடுக்கிறதுக்கு, தங்கச்சி," என்றார் பரிசாரகர். "உண்மையான மெஷின் கொக்குவில் பேரவையிலை இருக்கெண்டு கேள்வி."

பேரவையின் செயலாளர் சுதாகரன் சட்டைப் பையில் மூன்று பேனாக்களும் முகத்தில் ஓயாத அவசரமும் கொண்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு, மூன்று வெளியீட்டு விழாக்களை அடுத்தடுத்து நடத்தி முடிப்பவர்.

"அண்ணை, இந்தத் தட்டை ஒருக்காப் போட்டுக் கேக்க வேணும். அரை மணித்தியாலம் காணும்."

"எப்ப வெளியிட்டது?"

"இன்னும் வெளியிடேல்லை. வெளியிட முதல் கேட்டுப் பாக்கிற தட்டு."

சுதாகரன் வருத்தத்தோடு தலையாட்டினார். "வெளியிடாத தட்டைப் போட ஏலாது, தங்கச்சி. பேரவையின்ரை யாப்பு விதியிலை இருக்கு."

"கேட்டாத்தானே அண்ணை வெளியிடலாம்?"

"வெளியிட்டாத்தானே தங்கச்சி கேக்கலாம்?"

பக்கத்தில் ரயில் ஒன்று போய் முடிந்தது.

"வெளியிடுறது பெரிய காரியமில்லை," என்றார் சுதாகரன், இரக்கம் வந்தவராக. "தலைவரைச் சந்தியுங்கோ. உங்களை அவர் கைவிட மாட்டார்."

தலைவர் சண்முகநாதன் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. 'வெளியீட்டுச் செம்மல்' என்ற பட்டத்தைப் பேரவை அவருக்கு வழங்கியிருந்தது. வழங்கிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். வெள்ளைத் தட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அட்டையில்லை. பேரில்லை. படமில்லை. அணிந்துரை?"

"இது பரிசோதனைத் தட்டு, ஐயா. வெள்ளையாத்தான் வரும்."

"பரிசோதனை முயற்சிகளையும் நாங்கள் ஆதரிக்கிறனாங்கள். போன மாதம்கூட ஒரு பரிசோதனைக் கவிதைத் தொகுப்பு வெளியிட்டம். என்ன வகை இசை?"

"எலெக்ட்ரோனிக், ஐயா."

"எங்களிட்டைக் கவிதை, சிறுகதை, ஆய்வு, பக்தி எண்டு நாலு பிரிவுதான் இருக்கு. சொல்லேதும் வருதோ அதிலை?"

"ஒரு இடத்திலை அப்பா கத்துறார். படகைக் கட்டேக்கை, கயித்தை விடச் சொல்லி, 'விடு!' எண்டு."

சண்முகநாதன் கண்களை மூடினார். "பற்றறுத்தல்," என்றார் மெதுவாக. "பக்தியிலை போடும், சுதாகரன்."

"ஐயா, விழா வேண்டாம். நீங்களும் கூட இருந்து ஒருக்காக் கேளுங்கோவன். அது போதும்."

தலைவர் திடுக்கிட்டுக் கண் திறந்தார். "நானோ? பிள்ளை, நான் தலைமை தாங்கிற படைப்பை வாசிக்கிறதுமில்லை, கேக்கிறதுமில்லை. வாசிச்சால் பக்கச்சார்பு வந்திடும். இத்தனை வருசமாத் தலைமை தாங்கிறன், ஒண்டைத் திறந்து பாத்தனெண்டு ஒருத்தரும் சொல்லேலாது. அதாலைதான் எழுதிறவன் ஒருத்தனுக்கும் என்னிலை கோபமில்லை." பிறகு குரலைத் தணித்து, வாஞ்சையோடு சொன்னார்: "நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும். இந்தக் குடாநாட்டிலை ஒரு படைப்பாளியும் தப்பிப் போக நாங்கள் இதுவரைக்கும் விட்டதில்லை."

தட்டுகள் இரண்டையும் பாதுகாப்புக் கருதிப் பேரவை பொறுப்பேற்றது. சுதாகரன் அவற்றைக் கண்ணாடி அலுமாரிக்குள் சுழலிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பூட்டினார். றொசாந்தி கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பார்த்தாள். தட்டும் ஊசியும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன.

அதன் பிறகு எல்லாம் அவளைக் கேட்காமலே நடந்தது. விழா ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்று பத்திரிகையில் வந்தது. பெரிய பதாகையில் தலைவரின் படம் பெரிதாகவும், பிரதம விருந்தினரின் படம் அதற்குச் சற்றுச் சிறிதாகவும், றொசாந்தியின் அடையாள அட்டைப் படம் ஒரு மூலையிலும் இருந்தன. வெறுமையாகக் கிடந்த வெள்ளை வட்டத்தில் தலைவரின் படத்தை வெட்டி ஒட்டினார்கள். முதலில் ஒட்டியபோது தட்டின் துவாரம் அவருடைய மூக்கில் வந்துவிட்டது. உரித்து, சற்றுக் கீழே இறக்கி ஒட்டியதும் துவாரம் நெற்றியில் பொட்டுப்போல் அமைந்தது. தலைவருக்கு மிகவும் பிடித்துக்கொண்டது.

வேண்டாம் என்று சொல்ல அவள் பலமுறை வாயெடுத்தாள். ஆனால் குருநகர்ப் பங்குக் கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் அறிவித்துவிட்டார்கள். தகப்பன் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

"நான் வராட்டில் என்ன நடக்கும், அண்ணை?" என்று சுதாகரனிடம் கேட்டாள்.

"ஒண்டும் நடக்காது. படைப்பாளி வராமலே எத்தினை வெளியீடு செய்திருக்கிறம். ஆனா தட்டைச் சுழலியிலை போடுறது வெளியிட்ட பிறகுதான்."

ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கே அவளை மேடையில் ஏற்றிவிட்டார்கள். சிங்கத் தலை செதுக்கிய உயரமான கதிரை. ஒரு பக்கம் தலைவர், மறு பக்கம் மதிப்பீட்டுரை ஆற்ற வந்த விரிவுரையாளர் சிவகரன். முன்னால் நீண்ட மேசை, அதன்மேல் பூச்சாடிகள். பின்னால் சுவர். சேலை வேறு. இறங்குவதானால் தலைவர் எழும்ப வேண்டும், தலைவர் எழும்புவதானால் கூட்டம் முடிய வேண்டும்.

செபநாயகம் முன் வரிசையில் இருந்தார். புதுச் சட்டை கழுத்தை அறுத்தது. மகளைப் பார்த்துக் கையை மெல்ல உயர்த்தினார். பிறகு அப்படிச் செய்யலாமோ என்று ஐயம் கொண்டு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிரதம விருந்தினர் வந்து சேருமட்டும் எல்லோரும் வியர்த்தார்கள். அவர் அண்மையில் மாற்றலாகி வந்திருந்த ஓர் உயர் அதிகாரி. வந்ததும் குத்துவிளக்கு. சுடர் அணையாமல் இருக்க மின்விசிறிகளை நிறுத்தினார்கள். விளக்கேற்றுவதற்கு அழைக்கப்பட்டவர்கள் திரிகளின் தொகையை விடக் கூடுதலாக இருந்தபடியால், எரிகிற திரிகளை அணைத்து மற்றவர்களும் ஏற்றினார்கள். பிறகு ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. ஒருவர் தான் கனடா போய் வந்ததைச் சொன்னார். இன்னொருவர் தனக்கு முன் பேசியவர் கனடாவில் தங்கியது தன்னுடைய மைத்துனர் வீட்டில்தான் என்பதை விளக்கினார். ரயில் போகும்போதெல்லாம் பேச்சாளர்கள் வாயசைப்பதை நிறுத்தவில்லை. சபை கைதட்டத் தவறவுமில்லை.

றொசாந்தி கண்ணை எடுக்காமல் மேடை ஓரத்துச் சின்ன மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுழலி அங்கே மாலை போட்டு வைக்கப்பட்டிருந்தது.

முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள நீர்வேலி வாழைக்குலை வர்த்தகர் சீவரத்தினம் அழைக்கப்பட்டார். வலிகாமத்தில் எந்த வெளியீட்டுக்கும் முதற்பிரதி அவருக்குத்தான். பொன்னிறக் கடதாசி சுற்றி நாடா கட்டிய தட்டை நெஞ்சோடு அணைத்தபடி படத்துக்கு நின்றார்.

"பிள்ளை, உது வெக்கைக்கு நெளியுமோ?" என்று றொசாந்தியின் காதோடு கேட்டார்.

"ஓம் ஐயா, நெளியும். பிரிச்சு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

"பிரிக்கிறதோ! வீட்டிலை ரெண்டு அலுமாரி முதற்பிரதி கிடக்கு, ஒண்டிலையும் நாடா அவிழ்க்கேல்லை. அவ்வளவு மரியாதையா வைச்சிருக்கிறன்."

அவர் அப்படியே படியிறங்கி, வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். இரண்டு பரிசோதனைத் தட்டுகளில் ஒன்று நீர்வேலிக்குப் போனது. மிச்சம் ஒன்று.

சிவகரன் மதிப்பீட்டுரையைத் தொடங்கினார். "இந்த இசைத்தட்டை நான் முழுமையாகப் பார்த்தேன். மேலோட்டமாக அல்ல, இரண்டு பக்கங்களையும் பார்த்தேன். கறுப்பு! எங்கும் கறுப்பு! இந்தக் கறுப்புக்குள் எத்தனை கோடுகள்! அவற்றை எண்ணப் புகுந்த நான் தோற்றுப்போனேன் என்பதை இச்சபையில் பணிவோடு ஒப்புக்கொள்கிறேன்."

"சேர், கேட்டனீங்களோ?" என்று றொசாந்தி தன்னையறியாமல் கேட்டுவிட்டாள். ஒலிவாங்கி அதைச் சபை முழுவதற்கும் சொன்னது.

சிவகரன் புன்னகைத்தார். "கேட்பது இரசிகனின் வேலை, தங்கையே. மதிப்பிடுவது வேறு துறை."

சபை பலமாகக் கைதட்டியது.

கடைசியில், இரண்டு நன்றியுரைகளுக்கு நடுவில், தட்டை ஒலிக்கவிட நேரம் ஒதுக்கப்பட்டது. தலைவர் இருந்தபடியே, தட்டு முற்றாக ஓடி முடியும்வரை எவரும் இருக்கையை விட்டு எழக் கூடாது, அது கலைக்குச் செய்யும் அவமரியாதை என்று அறிவித்தார். மண்டபக் கதவுகளைச் சாத்தினார்கள். சுதாகரன் தட்டைச் சுழலியில் வைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் கிண்ணத்தை எடுத்து, தட்டின் மேல் நாலு இடத்தில் சந்தனம் அப்பி, ஒவ்வொன்றின் மேலும் குங்குமம் வைத்தார்.

"அண்ணை, வேண்டாம்!" என்று றொசாந்தி எழும்பினாள். போர்த்தியிருந்த பொன்னாடையின் குஞ்சம் சிங்கத்தின் பல்லில் மாட்டிக்கொண்டது. தலைவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இருத்தினார்.

"இரும் பிள்ளை. உம்மடை படைப்புக்கு நீரே மரியாதை குடுக்காட்டி ஆர் குடுக்கிறது?"

ஊசி இறங்கியது. ஒலிபெருக்கிக்காரர் ஒலிவாங்கியைச் சுழலியோடு சேர்ந்திருந்த சின்ன ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தார்.

முதல் பாட்டுத் தொடங்கியது. ஐஸ் உடைக்கும் மெஷின் இரும்புத் தாளமாய் வந்தது. அதன் மேல் ரயில் கடவை மணி விழுந்தது. முதற் பாட்டுக்குரிய வெளி விளிம்பில் தெய்வாதீனமாய்ச் சந்தனம் படவில்லை. றொசாந்தி சேலையையும் வியர்வையையும் மறந்தாள். தன்னுடைய சத்தங்கள் ஒரு மண்டபத்துக் காற்றில் நிற்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். முன் வரிசையில் தகப்பன் வாயைச் சற்றுத் திறந்தபடி இருந்தார். இரண்டாவது பாட்டு வந்தது. எஞ்சின் அடங்கியது. தண்ணீர் சளசளத்தது. செபநாயகத்தின் குரல் மண்டபம் அதிரக் கத்தியது:

"விடு!"

இனி உறுமல். அவள் முன்னே குனிந்தாள். ஊசி சந்தனத்தில் மோதியது.

"விடு!" என்றது தட்டு. "விடு! விடு! விடு!"

சபை சிறிது நேரம் காத்திருந்தது. தட்டு விடவில்லை. றொசாந்தி எழும்பப் பார்த்தாள், மணிக்கட்டு இன்னும் தலைவரின் கையில் இருந்தது. சுதாகரன் தலைவரைப் பார்த்தார். தலைவர் பிரதம விருந்தினரைப் பார்த்தார். பிரதம விருந்தினரின் முகம் கறுத்திருந்தது.

"ஆரை விடச் சொல்லுது?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆன்மாவை, ஐயா."

"பிரச்சினை ஒண்டும் வராதே?"

"பக்திப் பிரிவு, ஐயா."

"அப்ப சரி." அவர் சாய்ந்து உட்கார்ந்து, காலால் மெல்லத் தாளம் போட்டார். அதைக் கண்டு இரண்டாவது வரிசை கைத்தாளம் போட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

சிவகரன் ஒலிவாங்கியைக் கைப்பற்றினார். "பாருங்கள்! ஒரே சொல்! எத்தனை தடவை! ஒரு சொல்லுக்கு மேல் தேவையில்லை என்கிற துணிவு! விடு என்கிறாள். எதை விடு? மண்ணையா, பொன்னையா? பதில் சொல்லாமல் மீண்டும் விடு என்கிறாள்!"

"சேர், அது ஊசி சிக்கிப் போச்சு!" என்றாள் றொசாந்தி. "தட்டு அப்பிடியில்லை!"

"படைப்பாளிக்குத் தன் படைப்புத் தெரியாது," என்று சிவகரன் சபைக்கு விளக்கினார். "அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்."

யாரும் எழும்பவில்லை. கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு குழந்தை அழுதது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். குளிர்பானப் போத்தல்களோடு வாசலில் நின்ற பொடியள் உள்ளே வரலாமோ என்று தெரியாமல் நின்றார்கள். தட்டு முடிந்தால்தான் எழும்பலாம். அது முடிகிற யோசனையில் இல்லை. விடிந்தால் திங்கட்கிழமை. உறுமல் அந்தச் சந்தனப் பொட்டுக்கு ஒரு நூல் அப்பால் கிடந்தது. சிங்கக் கதிரையில், ஒரு கை பொன்னாடையிலும் மறு கை தலைவரிடமும் அகப்பட்டு, அவள் தகப்பனைப் பார்த்தாள்.

செபநாயகம் எழுந்தார்.

மண்டபம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். படியேறி, சுழலியை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். தூண்டில் முள்ளைக் கழற்றுகிறவரைப்போல இரண்டு விரலால் ஊசிக் கையைப் பிடித்துத் தூக்கினார். மண்டபம் ஓய்ந்தது.

"ஆர் இவர்?" என்று தலைவர் அதிர்ந்தார். "ஆர் உங்களை எழும்பச் சொன்னது?"

"இதிலை கத்தினது நான்தான், ஐயா," என்றார் செபநாயகம். "கத்தி முடிஞ்சுது."

சபையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். தண்டிக்க எழுந்த தலைவர் அந்தக் கைதட்டலைக் கேட்டதும் கையோடு மேசையில் கிடந்த பொன்னாடை ஒன்றை எடுத்தார்.

"அன்பார்ந்தவர்களே! அந்தத் தெய்வீகக் குரலுக்குச் சொந்தக்காரர் எங்கள் மத்தியிலேயே இருக்கிறார்! பேரவை சார்பில் இவருக்குக் 'குரற்செல்வர்' என்ற பட்டத்தை இப்பொழுதே வழங்குகிறேன்!"

செபநாயகத்தைச் சுற்றிப் பொன்னாடை இறங்கியது. புகைப்படக்காரர் ஓடிவந்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்று, "படகிலை ஐஸ் கரையுது, நான் போக வேணும்," என்றார். அது அன்றைய உரைகளில் மிகச் சுருக்கமானது. பேரவை அதன் குறிப்பேட்டில் அதைத் தத்துவ உரை என்று பதிந்துகொண்டது.

பிறகு வடையும் ரோல்ஸும் வந்தன. பிரதம விருந்தினர் போனார், அவரோடு பாதிச் சபை போனது. வாடகைக் கதிரைகளை லொறியில் ஏற்றினார்கள். சுதாகரன் சுழலியைத் தட்டோடு பின்னறைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி திரும்பி ஓடினார். அலுமாரியில் வைத்துப் பூட்ட மறந்துவிட்டார்.

றொசாந்தி அதைக் கண்டாள். தகப்பனின் கையைப் பிடித்துப் பின்னறைக்குள் இழுத்து, கதவைச் சாத்தினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? கண்டால் ஏசப் போறாங்கள்."

"லேஞ்சியைத் தாங்கோப்பா. இந்தப் பொன்னாடை சரிகை, கீறிப்போடும்."

தகப்பனின் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, கோடுகள் போன போக்கிலேயே பொறுமையாக ஒற்றி ஒற்றிச் சந்தனத்தை எடுத்தாள். ஊசியிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வெளியே தெரியாமல் இருக்கக் கைப்பையிலிருந்த ஹெட்போனைச் சுழலியில் செருகிக் காதில் மாட்டினாள். இரண்டாவது பாட்டில் ஊசியை இறக்கினாள்.

எஞ்சின் அடங்கியது. தண்ணீர் வந்தது. தகப்பன் ஒரு தரம் கத்தினார். ஒரே ஒரு தரம். பிறகு அடியில் அது வந்தது. மாடு நித்திரையில் முனகுகிற மாதிரி, நீண்டு, ஓய்ந்து, திரும்பவும் நீண்டு. அவள் கண்ணை மூடினாள். பிழையில்லை. இறங்குதுறைச் சுவரில் கட்டியிருக்கும் பழைய லொறி ரயரில் படகு உரசுகிற சத்தம். அவள்தான் அன்றைக்குப் போனைச் சுவரோடு வைத்துப் பதிந்திருந்தாள். கணினியில் வெட்டி ஒட்டும்போது மற்றச் சத்தங்களுக்கு அடியில் அது மறைந்துபோய், அவளே மறந்துவிட்டாள். தட்டுத்தான் அதை மேலே கொண்டுவந்திருந்தது.

அந்தப் பக்கம் முழுதும் ஓடி முடியும்வரை கேட்டாள். எங்கேயும் கீறலில்லை, சிக்கலில்லை. ஹெட்போனைக் கழற்றியதும் சாருஜாவுக்கு எடுத்தாள்.

"பிழையில்லை. அது எங்கடை படகு. அடிக்கச் சொல்லு."

"உண்மையாவோ அக்கா?" சாருஜா மறுமுனையில் கத்தினாள். "விழாவை நேரலையிலை பாத்தன். 'விடு விடு' எண்டு இஞ்சை எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கினம். அப்பிடியே அடிக்கச் சொல்லிக் கேக்கினம்."

"அப்பா ஒருக்காத்தான் கத்தினவர். ஒருக்காவே இருக்கட்டும்."

"சரியக்கா. இருக்கிற மாதிரியே அடிக்கச் சொல்லுறன்."

வெளியே வந்து பார்த்தபோது மண்டபம் வெறுமையாக இருந்தது. முன்வாசல் இரும்புக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. பக்கக் கதவும் பூட்டு. யன்னல்களில் கம்பி. றொசாந்தி சுதாகரனுக்குப் போன் எடுத்தாள். பின்னணியில் யாரோ ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"மண்டபத்துக்குள்ளையோ? அய்யோ, தங்கச்சி! திறப்பு என்னட்டையெல்லோ இருக்கு. நான் பண்டத்தரிப்பிலை. இஞ்சை ஒரு கவிதைத் தொகுப்பு. வரவேற்புரை இப்பதான் தொடங்குது."

"ஆரிட்டையாவது குடுத்துவிடேலாதோ?"

"ஒருத்தரும் எழும்பப்படாதாம், தலைவர் சொல்லிப்போட்டார். நன்றியுரை வேறை என்ரை. அது முடிய வாறன். தேத்தண்ணி மிச்சம் கேத்திலிலை இருக்கும், பாருங்கோ."

றொசாந்தி பூட்டிய கதவைப் பார்த்தாள். திறந்து கிடந்த பின்னறையைப் பார்த்தாள்.

"அவசரமில்லை, அண்ணை," என்றாள். "ஆறுதலா வாங்கோ."

கேத்திலில் தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. இருவரும் பின்னறையில் இருந்து அதைக் குடித்தார்கள். செபநாயகம், ஐஸ் கரைந்தால் கரையட்டும் என்று, தன்னுடைய பொன்னாடையைக் கழற்றி மடித்துக் கதிரையில் போட்டு, அதன்மேல் வசதியாக இருந்தார். ஹெட்போன் இனித் தேவையில்லை. அவள் அதைச் சுழலியிலிருந்து கழற்றினாள்.

"மற்றப் பக்கத்திலையும் நான் கத்துறனோ?"

"இல்லையப்பா. அதிலை நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லை. கிழிஞ்ச வலை பொத்திறியள்."

"வலை பொத்திறதுக்கு என்னடி சத்தம்?"

"இருக்கப்பா."

அவர் நம்பாமல் அவளைப் பார்த்தார். பிறகு கதிரையைச் சுழலிக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"அப்ப அதைப் போடு," என்றார்.

அவள் தட்டைத் திருப்பிப் போட்டாள்.